கொக்கும் நாரையும் கூடு கட்டும் காலம்

தமிழ்நாட்டில் நெல் விளையும் ஊர் எதுவாயினும் அங்கே கொக்கைக் காணாதவர் இருக்க முடியாது. ஆனால் எல்லோரும் கண்ட இந்தப் பறவையை உற்றுப் பார்த்தவர் மிகச் சிலரே. வயலில் வெள்ளையாய் நிற்பதெல்லாம் கொக்கு, ஏரிக்கரையில் சற்று உயரமாய் நிற்பதெல்லாம் நாரை என்ற அளவோடு நம்மில் பெரும்பாலோருடைய பரிச்சயம் நின்றுவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அவற்றைப் பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தோன்றும் என்பதும் உண்மையே. ஏனெனில் அந்த மாதங்களில் அவை இரை தேடுவதொன்றையே காரியமாகக் கொண்டு, தனித்தோ சிறு கூட்டமாகவோ, அதிக ஓசையின்றி, அலங்காரம் ஏதுமின்றித் திரிகின்றன. மழை பெய்து ஏரி நிறைந்து, நீருக்குள் நிற்கும் மரங்களில் அவை கூடு வைக்கத் தொடங்கும்போதுதான் அவற்றின் வர்ணமும், குரலும், சுபாவமும், இனத்துக்கு இனம் உள்ள வேற்றுமையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. இந்தக் குலத்துக்கு நேர்ந்த பெருந்துன்பமும் அந்தப் பருவத்தை ஒட்டியே நேர்ந்தது. அதற்குக் கிடைத்த பாதுகாப்பும் அந்தப் பருவத்தை முன்னிட்டே கிடைத்தது. ஆகையால் கொக்கை அறிய விரும்புகிறவர் அதன் கூட்டை அறிவது இன்றியமையாதது.

முதலில் இந்தக் குலத்தைச் சேர்ந்தவை எவை என்று பார்ப்போம். கொக்கு, நாரை, குருகு, வக்கா ஆகியவற்றைப் பறவை நூலார் ஆர்டெய்டே என்னும் ஒரே குடும்பத்தில் அடக்குகிறார்கள். உலகெங்கும் பரவி 60க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தில், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் ஆப்பிரிக்காவின் கோலியாத் நாரையும் உண்டு. நம் ஏரிக் கோரைகளுக்குள் ஒளிந்து வாழும், ஒரு முழத்துக்கும் குறைந்த நீளமுள்ள மஞ்சள் குருகும் உண்டு. ஆனால் நாரை என்று நாம் அழைக்கும் எல்லாப் பறவைகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. மஞ்சள் மூக்கு நாரையும், நத்தை குத்தி நாரையும், வெண்ணாரையும் சிக்கோனியிடே என்னும் வேறொரு குடும்பத்துப் பறவைகள். இவ்விரண்டையும் பிரித்தறிய நூலறிவு வேண்டுவதில்லை. வானத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும். கழுத்தை முன்னே நீட்டிப் பறப்பது சிக்கோனியிடே குடும்பம். கழுத்தை மடித்துத் தலையைத் தோள்களுக்கிடையே இருத்திக்கொண்டு பறப்பது நம் கொக்குக் குடும்பம். சத்திமுத்தப் புலவர் தம் மனைவியிடம் தூது அனுப்பிய நாரைக்குப் பவளநிற அலகு சொல்லப்பட்டிருக்கிறது. அத்தகைய சிவப்பு நிலையாக அமைந்த அலகு ஆர்டெய்டே குடும்பத்தில் நம் நாட்டுப் பறவை எதற்கும் கிடையாது. குளிர்காலத்தில் வந்து வடக்கே திரும்பிச் செல்லும் வெண்ணாரைக்கே உண்டு. ஆகவே அப்புலவர் கண்டது வெண்ணாரைதான் என்பது என் துணிபு.

கழுத்து மடிவதற்குக் காரணம் எலும்பிலேயே இருக்கிறது. இப்பறவைகளின் கழுத்து முள்ளெலும்புகள் 20 அல்லது 21. அவற்றில் ஆறாவது எலும்பு மற்றவற்றினும் நீண்டு, அவ்விடத்தில் கழுத்து இயல்பாகவே வளைந்து நிற்குமாறு அமைந்திருக்கிறது. நெடுநேரம் அசையாது நிற்கும் பறவை, இரை எட்டும் தூரத்துக்கு வந்த கணத்தில் அந்த வளைவை நிமிர்த்தி அலகைச் செலுத்துகிறது. நீருக்குள் இருக்கும் மீன் ஒளி விலகுவதால் தான் இருக்கும் இடத்தில் இராமல் சற்று விலகித் தோன்றுமே, கொக்கு எப்படித் தவறாமல் குத்துகிறது என்ற கேள்வி எழலாம். இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளரான காட்ஸிர் என்பவரும் அவருடைய துணைவரும் கடற்கரைக் கொக்குகளைக் கொண்டு இதைச் சோதித்து, மீன் தோன்றும் ஆழத்துக்கும் உண்மையில் அது இருக்கும் ஆழத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பறவை திருத்திக்கொண்டே குத்துகிறது என்று 1987-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். மீன் பிடித்த பின் செய்யும் தூய்மைக் காரியமும் கவனிக்கத்தக்கது. மார்பிலும் தொடைப் பக்கத்திலும் உள்ள ஒருவகை மெல்லிறகுகள் உதிராமல் வளர்ந்துகொண்டே நுனியில் பொடியாகிக்கொண்டிருக்கின்றன; விலாங்கு முதலியவற்றின் வழுவழுப்பு இறகில் ஒட்டிக்கொண்டால், பறவை அப்பொடியை எடுத்து அதன்மேல் பூசி, நடு விரலின் நகத்தில் சீப்பின் பற்களைப் போல அமைந்த ஓரத்தால் கோதி அகற்றிவிடுகிறது.

நம் ஊர்களில் வெள்ளையாகத் தோன்றுபவை நான்கு இனங்கள்: சின்னக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு, உண்ணிக்கொக்கு. சின்னக் கொக்கின் அலகும் காலும் கறுப்பு. ஆனால் விரல்கள் மட்டும் மஞ்சள். ஆழமில்லாத நீரில் அது இரை தேடும்போது ஒரு காலை முன்னே வைத்துச் சேற்றுக்குள் விரல்களை நடுங்கச் செய்யும். மறைந்திருந்த இறாலோ தவளைக்குஞ்சோ கலங்கி வெளிப்படும். அதே கணத்தில் அலகு இறங்கும். பெரிய கொக்கு அவ்வாறு நீரைக் கலக்குவது அரிது. கழுத்தைச் சாய்த்து நெடுநேரம் நின்று காத்தே பிடிக்கும். அதன் வாய்க்கோடு கண்ணையும் கடந்து பின்னே செல்வது அதன் நிச்சயமான அடையாளம். நடுத்தரக் கொக்குக்கு அக்கோடு கண்ணுக்குக் கீழேயே முடிந்துவிடும். உண்ணிக்கொக்கு மற்றவற்றைப் போல நீரை நம்பி வாழ்வதில்லை. மேயும் மாடுகளோடு நடந்து, அவற்றின் காலடியில் எழும் வெட்டுக்கிளிகளைப் பிடித்துண்ணும். உழவு மாடு குறைந்த ஊர்களில் டிராக்டரின் பின்னே அதே காரியத்தைச் செய்கிறது.

இந்த நான்கும் கூடு கட்டும் பருவத்தில்தான் தெளிவாகப் பிரிந்து தோன்றுகின்றன. மூன்று நீர்க்கொக்குகளுக்கும் அப்போது முதுகில் நூலிழையாகப் பிரிந்த நீண்ட இறகுகள் வளர்ந்து, வாலையும் கடந்து தொங்கும். பெரிய கொக்குக்கு முதுகில் மட்டுமே அந்த அலங்காரம். நடுத்தரக் கொக்குக்கு முதுகோடு மார்பிலும் உண்டு. சின்னக் கொக்குக்கு அவ்விரண்டு இடங்களோடு பிடரியிலும் இரண்டு நீண்ட இறகுகள் தொங்கும். மஞ்சளாக இருந்த பெரிய கொக்கின் அலகு கறுத்துப்போகும். கண்ணருகேயுள்ள வெறுந்தோல் பச்சையும் நீலமும் கலந்த நிறம் பெறும். உண்ணிக்கொக்குக்கோ தலை, கழுத்து, முதுகு ஆகியவை செம்மஞ்சளாகின்றன. நம் வாய்க்கால் கரைகளில் மண்ணோடு மண்ணாய் ஒடுங்கி உட்கார்ந்திருந்து, பறக்கும்போது மட்டும் வெண்சிறகு காட்டும் மடையானுக்கு அடர்ந்த செம்பழுப்பு முதுகு வந்துவிடுவதால், பழகியவர்கள்கூட அதை வேறு பறவை என்று மயங்குகிறார்கள். சாம்பல் நாரையும் செந்நாரையும் இவ்வளவு மாறுவதில்லை. அந்தி நேரத்தில் தலைக்குமேல் கரகரத்த குரலோடு பறந்துபோகும் வக்கா, மற்றவை அடங்கும் வேளையில் வேட்டைக்குப் புறப்படுவது. அதன் பிடரியிலும் வெண்ணிறமான ஓரிரு நீள இறகுகள் உண்டு.

வெண்மையைக் கண்டு இந்த நான்கையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைப்பது இயல்பு. பழைய நூலாரும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். 1758-இல் லின்னேயஸ் தம் நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது கொக்கு, நாரை, சாரஸம் எல்லாவற்றையும் ஆர்டியா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார். பின்வந்தவர்கள் அவற்றைப் பிரித்துப் பல குடும்பங்களாக்கினார்கள்; ஆனாலும் பெரிய கொக்கை எங்கே வைப்பது என்பது தீராத விவகாரமாகவே இருந்து, அது ஆர்டியா, எக்ரெட்டா, காஸ்மெரோடியஸ் என்று பேரினம் விட்டுப் பேரினம் மாறிக்கொண்டிருந்தது. மரபணு ஆராய்ச்சி வந்த பின்னரே தெளிவு பிறந்தது. பெரிய கொக்குக்கு நெருங்கிய உறவு, அதைப் போலவே வெள்ளையாயிருக்கும் சின்னக் கொக்கு அன்று. சாம்பல் நாரையும் செந்நாரையுமே. வெண்மை இக்குடும்பத்தில் உறவுக்குச் சான்றாகாது. நம் கடற்கரைகளில் வாழும் கடற்கரைக் கொக்கில், ஒரே இனத்துக்குள்ளேயே சில பறவைகள் கருஞ்சாம்பல் நிறமாகவும் சில தூய வெள்ளையாகவும் இருப்பதைப் புலிக்காட்டிலோ மன்னார் வளைகுடாவிலோ கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் மாற்றியது. கொக்குகளைச் சிக்கோனியிடே நாரைகளோடு சேர்த்து ஒரே வரிசையில் வைப்பதே நெடுங்கால வழக்கம். இப்போதோ அவை கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் அடங்கிய வரிசைக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. உண்ணிக்கொக்கின் கதை நமக்கு இன்னும் சமீபமானது. டச்சு நாட்டவரான போடார்ட் 1783-இல் அதற்குக் கொடுத்த பெயர் கோரமாண்டா. சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயரிலிருந்து பிறந்தது அது. ஆசிய உண்ணிக்கொக்கை ஆப்பிரிக்க உண்ணிக்கொக்கிலிருந்து பிரித்துத் தனி இனமாகக் கொள்ளும் இக்கால நூலார் அந்தப் பெயரையே ஆசியப் பறவைக்கு வழங்குகிறார்கள். ஆப்பிரிக்க இனமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தானாகவே கடந்து தென் அமெரிக்காவை அடைந்து, 1953-இல் புளோரிடாவிலும் கூடு கட்டிவிட்டது. காடுகள் மேய்ச்சல் நிலமாகிக் கால்நடைகள் பெருகியிருந்த கண்டங்களில் அதற்கு உணவுக்குக் குறைவிருக்கவில்லை.

கூடு வைக்கும் காலத்தை நிர்ணயிப்பது மழையும், மழையால் பெருகும் குஞ்சுகளின் உணவும். ராஜஸ்தானத்துப் பரத்பூரில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஆவணி புரட்டாசியில் மரமெல்லாம் கூடாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய நம் ஏரிகளில் ஐப்பசி கார்த்திகையில் தொடங்கி மாசி பங்குனிவரை அதே காட்சி நிகழும். மதுராந்தகத்துக்குச் சமீபமான வேடந்தாங்கல் ஏரியில், இடுப்பளவு நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கொக்கு, வக்கா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நத்தை குத்தி நாரை ஆகியவை அடுக்கடுக்காகக் குடியேறுகின்றன. பெரிய பறவைகள் பெரும்பாலும் மேற்கிளைகளிலும் சிறியவை கீழேயும் இடம் பிடிக்கின்றன. சுற்றிலும் நீர் இருப்பது பூனை, கீரி முதலியவற்றுக்குத் தடை. பல இனங்கள் நெருங்கி வாழ்வது காக்கைக்கும் பருந்துக்கும் எதிரான காவல்.

ஆண் பறவை முதலில் ஒரு கிளையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, கழுத்தை வானை நோக்கி நீட்டித் தாழ்த்தி, முதுகு இறகுகளை விரித்து நின்று அழைக்கும். ஜோடி சேர்ந்தபின் சுள்ளி கொண்டுவருவது பெரும்பாலும் ஆண். வாங்கிச் செருகுவது பெண். சற்று அசந்த வேளையில் அடுத்த கூட்டுச் சுள்ளி உருவப்படுவதும், அதைத் தொடர்ந்து சண்டை நடப்பதும் அங்கே நாள்தோறும் காணக்கூடியவை. வெளியே சென்ற பறவை திரும்பிக் கூட்டில் இறங்கும்போது, இருந்ததும் வந்ததும் தலை இறகுகளை நிமிர்த்தி, முதுகு இறகுகளைச் சிலிர்த்து, தாழ்ந்த குரலில் கரகரத்து ஒன்றையொன்று வரவேற்கும். இந்த உபசாரம் முடியாமல் முட்டைமேல் மாறி உட்காருவது கிடையாது. பார்க்கிறவர்களுக்கு இது அழகிய சடங்கு. பறவைகளுக்கோ தன் துணையை அயலாரிடமிருந்து அறிந்துகொள்ளும் அவசியமான காரியம், ஏனெனில் கூட்டை நெருங்கும் எந்தப் பறவையையும் குத்தித் துரத்துவதே அவற்றின் சுபாவம்.

வெளிறிய பசுநீல நிறமான முட்டைகள் மூன்று முதல் ஐந்துவரை இருக்கும். ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாத்துச் சின்னக் கொக்கில் 21 முதல் 25 நாட்களில் பொரிக்கும். முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் வெளிவராமல், ஒன்றிரண்டு நாள் இடைவெளியோடு வெளிவருகின்றன; மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் பருமனில் பெரிய வேற்றுமை ஏற்பட்டுவிடுகிறது. தாய் தந்தையர் விழுங்கி வந்த மீனையும் தவளையையும் கக்கிக் கொடுக்க, குஞ்சு அவற்றின் அலகைத் தன் அலகால் குறுக்கே பற்றிக் கீழே இழுத்து வாங்கிக்கொள்கிறது. நண்பகல் வெயிலில் பெற்ற பறவை இறக்கையை விரித்து நின்று கூட்டுக்கு நிழல் தருவதை ஏரிக்கரையில் நின்றே காணலாம். ஒரு மாதம் நிறைவதற்குள் குஞ்சுகள் கூட்டைவிட்டுக் கிளைகளில் தொற்றி ஏறத் தொடங்கும். ஏறக்குறைய ஆறு வாரத்தில் பறக்கும்.

எல்லாக் குஞ்சும் அந்த நாளைக் காண்பதில்லை. உணவு குறைந்தால் மூத்த குஞ்சுகள் இளையதைக் கொத்திக் கொத்தி அடக்கி, உண்ணவிடாமல் சாகச் செய்கின்றன. பெற்றவை அருகிருந்தும் தடுப்பதில்லை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் கடற்கரையில் டக்ளஸ் மாக் என்ற ஆராய்ச்சியாளர் பெரிய கொக்குகளின் கூடுகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து இதை விரிவாக எழுதினார். அங்குள்ள பெருநாரைகளின் கூட்டில் இக்கொலை அவ்வளவாக நிகழ்வதில்லை; ஆனால் அந்நாரைக் குஞ்சுகளைக் கொக்கின் கூட்டில் மாற்றி வைத்தபோது அவையும் உடன்பிறந்தவற்றைக் கொல்லத் தொடங்கின. கொக்கு தரும் மீன் சிறியதாகையால் வலிய குஞ்சு அதை முழுதும் தானே விழுங்கிவிட முடிகிறது. நாரை தரும் பெரிய மீனை அப்படி அபகரிக்க முடியாது. உண்ணிக்கொக்கிலோ இந்த ஏற்றத்தாழ்வு முட்டைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. முதலில் இட்ட முட்டைகளின் மஞ்சட்கருவில், ஆக்கிரமிப்பைத் தூண்டும் ஹார்மோன்களைத் தாய் அதிகமாக வைத்துவிடுவதை 1997-இல் கண்டுபிடித்தார்கள். இதைப் படிக்கும்போது மனம் கசக்கிறது. ஆனால் மழை பொய்க்கும் ஆண்டில் ஒரு குஞ்சேனும் பிழைக்கவும், மழை நிறைந்த ஆண்டில் எல்லாம் பிழைக்கவும் இது வழி செய்கிறது என்பதை அறியும்போது, அதைக் கொடுமை என்ற ஒரு சொல்லால் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான கொடுமை வேறொரு திசையிலிருந்து வந்தது. கூடு கட்டும் பருவத்தில் கொக்கின் முதுகில் வளரும் அந்த நூலிழை இறகுகளை ஐரோப்பிய, அமெரிக்கச் சீமாட்டிகள் தொப்பியில் செருகிக்கொள்வது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருமோகமாயிற்று. 1903-இல் வேட்டைக்காரனுக்கு ஓர் அவுன்ஸ் இறகுக்கு 32 டாலர் கிடைத்தது. அன்றைய தங்கத்தின் விலையைவிட அது அதிகம். அந்த இறகு வேறு பருவத்தில் கிடையாது. குஞ்சுகளை விட்டுப் பெற்றவை தூரச் செல்வதுமில்லை. எனவே கொலைகாரனுக்குக் கூட்டருகே நிற்பதே போதுமானதாயிற்று. ஒரு கொக்கைச் சுட்டுச் சில இழைகளை உரித்தபின் உடலை அங்கேயே எறிந்துவிட்டுப் போனார்கள். கூட்டில் இருந்த குஞ்சுகள் வெயிலிலும் பசியிலும் மடிந்தன. புளோரிடாவில் கொக்குகளுக்குக் காவலாக நியமிக்கப்பட்ட கை பிராட்லி என்பவர் 1905-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கிலாந்தில் எமிலி வில்லியம்ஸன் என்ற மாது 1889-இல் இறகு அணியாத பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய சங்கமே இன்று அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்திருக்கிறது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் அங்கே 1921-இல் நிறைவேறியது.

இந்தியாவும் இதில் அகப்படாமல் இல்லை. பறவைத் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதை 1902-இல் இந்திய அரசாங்கம் தடுத்தது. அதன்பிறகும் சிந்துப் பிரதேசத்தில் சின்னக் கொக்குகளைப் பட்டிகளில் அடைத்து வளர்த்து, கொல்லாமல் இறகை மட்டும் பறித்து விற்கும் தொழில் நடந்துவந்ததைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் 1914-ஆம் ஆண்டளவில் வெளியான குறிப்புகளால் அறிகிறோம். உயிரைப் போக்காத வியாபாரம் என்று அதற்குச் சமாதானம் சொன்னவர்களும் இருந்தார்கள். உயிருள்ள பறவையிலிருந்து திரும்பத் திரும்ப இறகு பறிப்பதை என்னால் அவ்வாறு ஒப்ப முடியவில்லை.

இவ்வளவுக்கும் ஒரு நூற்றாண்டு முன்னரே நம் செங்கற்பட்டுச் சீமையில் ஒரு கிராமத்தார் கூட்டின் அருமையை உணர்ந்து செயல்பட்டிருந்தார்கள். ஏரியில் பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கும்படி வேடந்தாங்கல் குடியானவர்கள் கேட்டுக்கொண்டதன்மேல், கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798-இல் அவர்களுக்கு உரிமை உத்தரவு கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அவர்களுக்கு இதில் பயனும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரநீராகப் பாய்ந்தது. அந்த நீரை வாங்கிய நிலம் நன்றாக விளைவதை அவர்கள் தலைமுறைகளாகக் கண்டிருந்தார்கள். 1936-இல் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்ட அந்த ஏரி, 2022-இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற நீர்நிலைகளில் ஒன்றாயிற்று. திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திலும் சிவகங்கைச் சீமையின் வேட்டங்குடியிலும் ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருக்கும் பறவை ஒருமுறை மிரண்டு எழுந்தால் அந்த இடைவெளியில் காக்கை முட்டையைக் கொண்டுபோய்விடும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

சரணாலயம் என்ற பெயர் பெறாத ஏரிகள்தாம் எண்ணிக்கையில் அதிகம். சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரி உட்பரப்புகளில் நட்ட கருவேல மரங்கள் வளர்ந்தபோது, யாரும் எதிர்பாராமலே கொக்கும் வக்காவும் அவற்றில் குடியேறின. முட்கிளைகள் கூட்டைத் தாங்குகின்றன, மழை கண்டால் அடிமரம் நீரில் நிற்கிறது. அம்மரங்கள் விறகுக்கென வளர்ந்தவை. பருவம் வந்ததும் ஏலம்போய் வெட்டப்படும். நீர் வற்றாத ஏரியில் மாசிக்கு முன்னரே வெட்டத் தொடங்கினால் பறக்கத் தெரியாத குஞ்சுகள் மரத்தோடு விழுகின்றன. ஏலப் பத்திரத்தில், பங்குனி கழிந்து கூடுகள் காலியானதைப் பார்த்த பின்னரே கோடரி வைக்கலாம் என்று ஒரு நிபந்தனையும், ஒவ்வொரு ஏரியிலும் நீர் நடுவே உள்ள மரங்களில் சிலவற்றை என்றும் வெட்டாமல் விடவேண்டும் என்று இன்னொரு நிபந்தனையும் எழுதிவிட்டால், விறகு எடுப்பவருக்குச் சில வாரத் தாமதமும் சில மரங்களின் விலையுமே நஷ்டம். பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றக்கூடிய காரியம் இது. கூடு உள்ள ஏரி எதுவென்று ஒவ்வோர் ஊரிலும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் மீன் பிடிப்பவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.